ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோழி

என் கலியாணத்தில் தன்னுடைய வேலை என்ன என்பதை என் தங்கை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே தீர்மானித்துவிட்டாள். அப்போது நாங்கள் ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். சனிக்கிழமை யாருடைய கலியாணத்துக்காவது போய்வந்தால், ஞாயிற்றுக்கிழமை அதே கலியாணம் எங்கள் வீட்டு ஹோலில் மறுபடியும் நடக்கும். சோபா மெத்தைகள்தான் மணவறை. மஞ்சள் முடிப் பொம்மைதான் பொம்பிளை. அம்மாவின் சாவிச் சங்கிலிதான் தாலிக்கொடி.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் பெரும்பாலும் தாலியை முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. அது கனமான தங்கக்கொடி. அதன் முனையில் சுரை என்று ஒரு சின்னத் திருகாணி இருக்கும். மாப்பிள்ளை அதைப் பெண்ணின் பிடரியில் வைத்துத் திருகிப் பூட்டவேண்டும். அந்த நேரத்தில் பின்னலையும் மாலையையும் தூக்கிப் பிடித்து வழிவிடுபவள் தோழி. மாப்பிள்ளையின் சகோதரிக்கே அந்த உரிமை.

தங்கை பொம்மையின் முடியைத் தூக்கிப் பிடிப்பாள். நான் சாவிச் சங்கிலியோடு போராடுவேன். "கெதியாப் பூட்டு அண்ணா, சுபநேரம் போகுது!" என்று ஐயரைவிடச் சத்தமாக அதட்டுவாள். என்னால் ஒருநாளும் பூட்ட முடிந்ததில்லை. கடைசியில் என் கையைத் தட்டிவிட்டுத் தானே பூட்டுவாள். "உனக்குக் கை நடுங்குது. பெரிசாப் போனாலும் நான்தான் வந்து பூட்டவேணும் போல கிடக்கு" என்பாள். அந்த மெத்தைகளின் பழைய மணம் இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வரும். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எந்த மண்டபத்திலும் இருந்ததில்லை.

அவள் பெரியவளாகி, அமெரிக்காவில் பிறந்த ஒரு தமிழ்ப் பையனைக் காதலித்துக் கலியாணம் கட்டி, எல்லைக்கு அப்பால் பஃபலோவுக்குப் போனாள். ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம்; நடுவில் எல்லையாக நயாகரா ஆறும் அதன் மேல் ஒரு பாலமும். வேலைநாளில் டவுன்டவுனுக்குப் போய்வருகிற எனக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அவளுடைய அமெரிக்கக் கிறீன் காட் விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் உள்ளே கிடந்தது. அது முடியும்வரை, பயண அனுமதி கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். பிறகு வெளியே இருந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த அனுமதிக்கும் விண்ணப்பித்திருந்தாள். அதுவும் உள்ளேதான் கிடந்தது.

"அவள் கனடாச் சிற்றிசன். சொந்த வீட்டுக்கு வாறதுக்கு என்ன பெர்மிஷன்?" என்று அம்மா கேட்டார்.

"வரலாம் அம்மா. திரும்பிப் போகேலாது" என்றேன். வேலையும் புருஷனும் அந்தப் பக்கம். அண்ணனின் கலியாணம் இந்தப் பக்கம்.

தங்கைக்காக ஒருமுறை கலியாண நாளைத் தள்ளிவைத்தோம். நான் கட்டப்போகிறவள் இங்கே படிக்க வந்தவள். அவளுடைய தாய் தகப்பன் ஊரிலிருந்து வந்து, விசா முடிவதற்குள் கலியாணத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று காத்திருந்தார்கள். இன்னொருமுறை தள்ள முடியவில்லை. அனுமதியும் வரவில்லை.

பொன்னுருக்கு அன்று, தாலிக்குத் தங்கம் உருக்கி முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை போன் எடுத்தாள்.

"அண்ணா, நான் வாறன். ஐ டோன்ட் கேர். உடுப்பு அடுக்கிப்போட்டன்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கார்ச் சாவியை எடுத்தேன். பஃபலோவுக்கே போய் அவளைப் பிடித்து இருத்திவிட்டு வரலாம் என்று யோசனை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளை தாலி கட்டும்வரை ஊர் சுற்றக்கூடாது, அதுவும் ஆறு தாண்டவே கூடாதாம். ஆறு தாண்டுவதைப் பற்றி எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. போனிலை கதை" என்றார்.

போனில் கதைத்தேன். "நீ பாலத்தைத் தாண்டினாய் எண்டால் நான் மணவறையிலை இருக்கமாட்டன். எழும்பிப் போடுவன். உன்ர வாழ்க்கையை உடைச்சுப்போட்டு வந்து என்ர பொம்பிளையின்ர பின்னலைத் தூக்க வேண்டாம்." 

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு நான் அழைத்தபோதும் அவள் எடுக்கவில்லை.

கலியாணத்தன்று மண்டபத்தின் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நான் நிமிர்ந்து பார்த்தேன். வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டும், வந்துவிடமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே மனதுக்குள்தான் நடந்தன. அவள் வரவில்லை. பெரியப்பாவின் மகள் தோழியாக நின்றாள். நல்ல பிள்ளை, ஆனால் கமராக்காரர் சிரிக்கச் சொன்னவுடன் பின்னலைக் கைவிட்டுவிட்டாள். பின்னல் என் விரல்களின் மேல் விழுந்தது. சுரை பாதியில் சிக்கி நின்றது. மேளம் கொட்டியது, பூவும் அரிசியும் விழுந்தன, எல்லாரும் பூட்டியாயிற்று என்று நினைத்தார்கள். அம்மா மட்டும் கண்டுபிடித்து, மாலைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஒரு சட்டை ஊசியைக் குத்திவிட்டார். "பூட்டின தாலியிலை கண்டபடி கை வையாதை. பிறகு நகைக்கடையிலை காட்டுவம்" என்று காதுக்குள் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை போன் எடுத்தாள். கோபத்தின் சாயலே இல்லை. மாப்பிள்ளை பொம்பிளையைத் தான் இன்னும் ஆராத்தி எடுத்து வரவேற்கவில்லையாம். என் மனைவியிடம் இலங்கைப் பாஸ்போர்ட். அமெரிக்க விசா கிடையாது. ஆகவே அவளையும் பஃபலோவுக்குக் கூட்டிப்போக வழியில்லை. "அப்ப ஆத்தங்கரைக்கு வாங்கோ. அதுதான் என்ர வீட்டு வாசல் படலை" என்றாள்.

நயாகரா ஆறு குயின்ஸ்டன் என்ற சின்ன ஊரில் ஒடுங்கி ஓடுகிறது. அருவியின் ஆர்ப்பாட்டமெல்லாம் மேலேயே முடிந்துவிடும். எதிர்க்கரை அமெரிக்கா. மனைவி மறுபடியும் கூறைச்சேலை உடுத்தாள், நான் பட்டுவேட்டி கட்டினேன், அம்மா பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

அக்கரையில் சிவப்புச் சேலை ஒன்று நின்றது. பெருவிரல் அளவுதான் தெரிந்தாள். கண்ணுக்கெட்டியும் கைக்கெட்டாத தூரம். கொஞ்சம் மேலே பாலத்தில் லொறிகள் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தன. அம்மா கையை ஆட்டினார், அவளும் ஆட்டினாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

ஆராத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தது தங்கையின் புருஷன், என் மச்சான். வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் காற்றில் அணைய அணைய, தன் ஜாக்கெட்டால் மறைத்து மறைத்துக் கொளுத்தினாராம்.

"ஆம்பிளை ஆராத்தி எடுக்கிறதோ? பாக்கிற சனம் சிரிக்கும்!" என்று அம்மா கத்தினார்.

"எந்தச் சனம் அம்மா? இஞ்ச ரெண்டு வெள்ளையள் மீன் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். அவையும் எங்களைப் பாத்துத் தொப்பியைக் கழட்டிப்போட்டினம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு மூன்று முறை சுற்றியது. நாங்கள் கைகூப்பி நின்றோம். தட்டில் இருந்த குங்குமத் தண்ணீரை அவள் ஆற்றில் ஊற்றினாள்.

"உந்த ஆறு எங்க போகுது தம்பி?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"எங்கட ஏரிக்குத்தான் அம்மா. ரொறொன்ரோப் பக்கம்."

"அப்ப சரி. அதாவது வரட்டும்" என்றார் அம்மா.

பிறகுதான் தங்கை கேட்டாள். "அண்ணா, உண்மையைச் சொல்லு. சுரையைப் பூட்டினனியே?"

கலியாண வீடியோவில் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். சட்டை ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இப்ப பூட்டு" என்றாள்.

மனைவி ஆற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். அம்மா பின்னலைத் தூக்கக் கை நீட்டினார்.

"அம்மா, தொடாதேங்கோ. நான் பிடிக்கிறன்" என்றது போன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். மனைவி தன் பின்னலைத் தானே முன்னால் போட்டுக்கொண்டாள். அக்கரையில் தங்கை இரண்டு கைகளையும் காற்றில் உயர்த்திப் பிடித்தாள். நான் ஊசியைக் கழற்றினேன்.

"கெதியாப் பூட்டு அண்ணா, சுபநேரம் போகுது" என்றாள்.

கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சுரை திரும்பியது, கடைசிவரை போய் இறுகி நின்றது.

"பூட்டிட்டன்" என்றேன்.

அவள் கைகளை இறக்கவில்லை. "போதும் பிள்ளை, கை உளையும்" என்று அம்மா சொன்ன பிறகுதான் இறக்கினாள்.