சிகரெட் கோடவுனில் ஆயுத பூஜை

1. வாசனை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் தனம் அக்கா. எங்கள் வேன் நின்றதும் கடையை விட்டு இறங்கி வந்தார். முந்தின நாள் நாங்கள் போட்ட சிகரெட் பாக்கெட்டுகளை அள்ளி வந்து சீட்டின் மேல் வீசினார்.

"இன்னாத்தய்யா குடுத்துட்டுப் போன? பத்த வச்சா மயிலம் கோயில் வாசன வருதுன்றான் ஒருத்தன். செருப்பக் கயட்டிட்டுக் குடிக்கணுமான்னு கேக்கறான் இன்னொருத்தன். பேஜாரா கீதுய்யா."

வேன் சேல்ஸ்மேன் காசி சிரித்தான். நான் ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தேன். சாம்பிராணி.

"ஏம்ப்பா அந்தோணி, சிகரெட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியா?" என்றான் காசி. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். அதை வைத்து இப்படி ஏதாவது சொல்வான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வேனில் உதவிக்கு ஆள் இல்லை என்று போயிருந்தேன். என் வேலை கோடவுன். அந்தச் சரக்கு முழுதும் என் சாவியின் பொறுப்பில் இருந்தது.

2. கம்பெனி

நான் ஆறாவது வரை படித்தேன். தொண்ணூற்று மூன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் கொடுத்தவர் எங்கள் முதலாளி. எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர், சிகரெட் ஏஜென்சியும் எடுத்திருந்தார். ஆனால் நாங்கள் பயந்தது அவருக்கு அல்ல, கம்பெனிக்கு. பல தேசங்களில் தொழில் செய்கிற பெரிய கம்பெனி. சட்டை கொடுத்தார்கள். பாண்டிச்சேரி ஓட்டலில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுப் பாடம் நடத்தினார்கள்.

அந்தப் பாடத்தில் ஒன்று எனக்கு நன்றாக ஏறியது. புகையிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். அதனால் கோடவுனில் வேறு எதுவும் வைக்கக் கூடாது. சோப்பு, ஊதுபத்தி, பினாயில், மல்லாட்டை மூட்டை, எதுவும். கண்ணாடிப் பேப்பர் சுற்றிய பாக்கெட் கொஞ்சம் தாங்கும். ஃபில்டர் இல்லாத பிளெயின் சிகரெட்டுக்கு வெறும் காகித உறைதான். அது தாங்காது. எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் ஓடியது பிளெயின்தான்.

பக்கத்து ஊர் ஏஜென்சியில் சோப்புப் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கம்பெனி மேனேஜர் வந்தார், பார்த்தார், காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அங்கே ஏஜென்சி இல்லை. வேலை செய்தவர்கள் எல்லோரும் வீட்டில்.

திட்டுகிற முதலாளிகளிடம் நான் பழகியிருந்தேன். திட்டாத கம்பெனியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். மேனேஜர் சார் எங்களை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயராது. அவர் போன பிறகுதான் என்ன நடந்தது என்று தெரியும்.

3. சாவி

ஆயுத பூஜை அன்று மதியம் முதலாளி சாவி கேட்டார். ஒவ்வொரு வருஷமும் பூஜை முன்னால் இருக்கும் ஆபீஸ் அறையில் நடக்கும். கோடவுனைத் திறப்பதில்லை. பொரி மூட்டையோ வாழைக்கன்றோ எடுத்து வைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வருஷம் மண்டியில் அவருக்கு அடி. வீட்டில், சரக்குக்கே நேராகப் பூஜை செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கோடவுனுக்குள்ளேயே தூபக்காலை ஏந்தி ஒவ்வொரு அடுக்குக்கும் புகை காட்டியிருக்கிறார். பிறகு கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் விடுமுறை. புகை உள்ளேயே கிடந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது.

"மொதலாளி, உள்ள ரொம்ப வாசன அடிக்குது. இன்னிக்கு லோடு ஏத்த வேணாங்க."

"மங்களகரமான வாசனடா. காத்தாடப் போட்டா போயிடும். ஜல்தியா ஏத்து, லைனுக்கு நேரமாவுது."

ஏற்றினோம். தனம் அக்காவின் கடை வரை அது போய்விட்டது.

4. சொல்லிக்கொடுத்த வாக்கியம்

தனம் அக்கா பாக்கெட்டுகளை வீசிய அன்று மாலையே மேனேஜர் சாரிடமிருந்து போன் வந்தது. வேறு கம்பெனி ஆள் யாரோ டீக்கடையில் சொல்லிச் சிரித்தது அவர் காதுக்குப் போயிருந்தது. "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாராம்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதற்கு முன் அவர் சொன்னதில்லை.

"அந்தோணி, நான் போட்டேன்னு தெரிஞ்சா ஏஜென்சிய எடுத்துடுவான். உன்னியச் சேத்து எல்லாரும் தெருவுலதான். வேலக்காரன் தெரியாத்தனமா பண்ணிட்டான்னா, ஆள மாத்துன்னு சொல்லிட்டுப் போயிடுவான். பூச்சி வந்துச்சு, பொக போட்டேன்னு சொல்லிடு. உன்ன நான் வுட்டுடுவனா? மண்டியில எடுத்துக்கறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி பிலோமியிடம் சொன்னேன். கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பொக போட்டது அவுரு, வேல போறது உனக்கா?"

"நான் சொல்லலன்னா எல்லாருக்கும் போவும்."

"காசிக்குப் போன மாசம்தான் பொண்ணு பொறந்துச்சு" என்றாள். துடுப்பைச் சட்டியில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

காலையில் சைக்கிளில் வரும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். பூச்சி வந்துச்சு சார், பொக போட்டேன் சார். வாய்க்கு வந்தது. ஆனாலும் இரண்டு இடத்தில் இறங்கி நின்றுவிட்டு வந்தேன்.

5. கேட்காத கேள்வி

மேனேஜர் சார் கோடவுனுக்குள் வந்தார். அடுக்குகளைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஒரு பிளெயின் சிகரெட்டை எடுத்து நடுவில் உடைத்தார். தூளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். நான் வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தோணி, இது எந்தெந்தக் கடைக்குப் போயிருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். சொன்னேன். "எல்லாத்தையும் இன்னிக்கே திரும்ப எடுக்கணும். நானும் வர்றேன்" என்றார்.

காசி வண்டி ஓட்ட, சார் ஜன்னலோரம், நான் நடுவில். திண்டிவனம், ஒலக்கூர், மயிலம், கூட்டேரிப்பட்டு. வேன் நிற்கும்போதெல்லாம் இப்போது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதற்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடைப் பெரியவர் பாக்கெட்டைக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"இது இருக்கட்டும் சார். நல்லாத்தான் கீது. வெள்ளிக்கெயமைக்குன்னு தனியா வச்சினுக்கறேன்."

காசி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சார் பெரியவருக்கு வேறு பாக்கெட் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

6. குழி

திரும்ப எடுத்த சரக்கை மேனேஜர் கண் முன்னால் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பொறுக்கி விற்றுவிடுவார்கள். முதலாளியின் கிணற்று மேட்டில் குழி வெட்டினோம். கோடவுனில் இருந்த பெட்டிகளும் வந்தன. எல்லாவற்றையும் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினோம்.

பற்ற வைத்ததும் புகை எழுந்தது. புகையிலை நாற்றம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் சாம்பிராணி வந்தது. மாதா கோயிலில் பெரிய பூசைக்கு நிற்கிற மாதிரி இருந்தது. என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டது. காசி பார்த்தான்.

சார் கேட்பதற்கு முன் முதலாளியே ஆரம்பித்தார்.

"இவன்தான் சார். பூச்சின்னு பொக போட்டுட்டான். வெவரம் இல்லாத ஆளு. நாளையிலேர்ந்து வேணாம்னுட்டேன்."

சார் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா அந்தோணி? நீங்க சொல்லுங்க."

வாய் திறந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. அது தைரியம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

"பொக போட்டது நான் இல்லீங்க சார். சாவி குடுத்தது நான்."

காசியின் முகத்தைப் பார்த்தேன். அவன் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் வீட்டு அடுப்பையும் நானே அணைத்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

சார் குனிந்தார். இன்னும் தீயில் போடாத ஒரு காலிப் பெட்டியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பெட்டியின் மேல் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

அடுத்த பெட்டியைத் திருப்பினார். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. அந்தப் பெட்டிகளை நான் தூக்கியிருக்கிறேன், காசி தூக்கியிருக்கிறான், வைத்த முதலாளியே பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வருஷா வருஷம் சைக்கிள், தராசு, நிலைப்படி என்று எல்லாவற்றிலும் பார்க்கிற பொட்டு. கண் அதில் நிற்பதில்லை.

"பூச்சிக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க. அதுவும் அந்தோணி வைக்க மாட்டாரு" என்றார் சார். "காலைல உள்ள வந்ததுமே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் சார் கேக்கல?" என்றார் முதலாளி.

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

அந்த நாள் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் தீயை விடச் சுட்டது.

பெட்டியைக் குழியில் போட்டார். "எங்க வீட்லயும் பூஜை உண்டு. இதுக்காக ஏஜென்சிய எடுக்கச் சொல்லி எழுத மாட்டேன். இனிமே ஆபீஸ் ரூமோட நிறுத்திக்குங்க. கோடவுன்ல பூவும் வேணாம், புகையும் வேணாம்."

தீ அடங்கும் வரை நின்றுவிட்டுப் போனார்.

7. அதற்குப் பிறகு

மறுநாள் முதலாளி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன்.

"நாளையிலேர்ந்து விழுப்புரம் லைன் வேன்ல போ."

வேலை போகவில்லை. சாவிதான் போனது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார், போய் வந்தேன். நாற்காலியில் உட்காரச் சொல்லி மட்டும் மறுபடி கூப்பிடவில்லை.

விழுப்புரம் லைனில்தான் மீதி வருஷங்கள். நானும் காசியும் கண்டாச்சிபுரம் சந்தை வரை போவோம். முதலில் கடைகளுக்குச் சிகரெட் விளம்பரப் போர்டு மாட்டினோம். பிறகு விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்தது, நாங்களே கழற்றினோம். அப்புறம் பாக்கெட்டின் மேல் நோய்ப் படம் வந்தது. படம் தெரியாமல் திருப்பி அடுக்குவார்கள் கடைக்காரர்கள். நான் ஒரு நாளும் குடித்ததில்லை. விற்றேன். அந்தக் கணக்கை நான் வேறு இடத்தில் தீர்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் பயம் இருந்தது. பழைய சரக்கு கடையில் கிடக்கிறதா, சார் எந்தக் கடையில் நிற்கிறார், யார் பேர் அடிபடுகிறது. வேலையை விட்டு வந்த பிறகும் சார் வருகிற ஜீப் மாதிரி ஒரு சத்தம் கேட்டால் எழுந்து நின்றிருக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. சாவி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். உங்கள் தலையில் ஒரு பழியைத் தூக்கி வைக்க வந்தால், சரி என்று சொல்வதற்கு முன் சரக்கை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். உண்மை பெட்டி மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வேனுக்கும் ஆயுத பூஜை உண்டு. காசி முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடிக்குச் சந்தனம் தடவி, சாம்பிராணி போடுவான். நான் பின்னால் போய்ச் சரக்குக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"போதும் வாப்பா, பொரி எடுத்துக்க" என்பான்.

புகை அடங்கும் வரை நான் கையை எடுத்ததில்லை.