அரிசி மூட்டையோடு இறங்கிய மலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் திட்டத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தேன். நுவரெலியாவில் எங்கள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. நாவலப்பிட்டியிலிருந்து ஜெமீல், என்னோடு பல்கலைக்கழகத்தில் ஒரே குழுவில் படித்தவன். “மச்சான், நம்ம புவனேஸ்வரி மிஸ் மௌத்தாயிட்டாங்க. யாழ்ப்பாணத்துல தகனமும் முடிஞ்சி போச்சாம்” என்றான். பேனாவை மூடிவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மூச்சிரைப்பு, ஒரு காலை வேளையில் அவர் எங்களை மலையேற்றிய மூச்சிரைப்பு.

மிஸ்ஸிடம் படித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கக் கொடுத்துவைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற விரிவுரையாளர்கள் குறிப்புச் சொல்லுவார்கள், நாங்கள் எழுதுவோம். மிஸ் எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, உண்மையாகவே எங்கோ நடந்துகொண்டிருக்கும் ஒரு சிக்கலைக் கையில் கொடுப்பார். அதைப் பகுத்துப் பார்க்க வேண்டும், திட்டம் போட வேண்டும், அந்தத் திட்டத்தை மதிப்பிடவும் வேண்டும். மதிப்பெண்ணாகப் போடும் புள்ளி குழு முழுவதற்கும் ஒன்றுதான். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. “ஊரிலை ஆர் தம்பி தனியத் திட்டம் போடுறது?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. மேல் டிவிசனில் இருந்த காம்பரா ஒழுகும் கூரையோடு ஒரு பழைய கொட்டகை. கீழே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை புதிதாக ஒன்று கட்டியிருந்தார். தொட்டில், பால், பயிற்சி பெற்ற ஆயா, எல்லாம் உண்டு. மேலே உள்ளதை மூடிவிடலாமா என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை எங்கள் அறிக்கையைப் பார்த்துத் துரை முடிவு செய்வார். மாணவர்களைத் தோட்டத்துக்குள் விட்ட ஒரே துரையும் அவர்தான். அவர் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் எந்தக் குழுவுக்கும் வாசல் திறக்காது.

மூடலாம் என்று எழுதினேன். நான்கு நிற மையில் வரைபடம் போட்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லயத்திலிருந்து புதிய காம்பராவுக்கு நடந்து பார்த்து நேரமும் குறித்தேன். பெண்களையும் கேட்டேன். கேட்ட இடம் பெரட்டுக்களம், காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். பக்கத்தில், பேர் பதிந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நல்லதுதாங்க” என்றார்கள் எல்லோரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், நாங்கள் தங்கியிருந்த தோட்டப் பாடசாலையில் மிஸ் அறிக்கையை முழுவதும் வாசித்தார். “வடிவா இருக்கு. நாளைக்கு விடிய ஒருக்கால் செய்து பாப்பம்” என்றார். எதைச் செய்து பார்ப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விடிய, வேலைக்கு எழுப்பும் தப்பு மேளம் அடித்ததும் விளங்கியது. மேல் லயத்தில் செல்லாயி என்ற பெண்ணின் வாசலில் ஆறு அரிசி மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வயதுப் பிள்ளையின் பாரம், பழைய சேலைத் துணியில் கட்டியது. ஐந்து எங்களுக்கு, ஆறாவது மிஸ்ஸுக்கு. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கன்வஸ் சப்பாத்தோடு தயாராக நின்றார். “புள்ளையத் தலகீழாப் புடிக்காதீங்க சின்னதொரமாரே” என்று செல்லாயி என் மூட்டையைத் திருப்பி வைத்தாள். பிறகு தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த பழைய கொட்டகைக்கு நடந்தாள். நாங்கள் கீழே ஓடினோம்.

பனிமூட்டம், வழுக்கும் படிகள், ஜெமீலின் சிரிப்பு. இறங்குவது சுகமாகத்தான் இருந்தது. மூட்டையைப் புதிய காம்பராவில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஆயா விடவில்லை. “போட்டுட்டு ஓடுனா ஆச்சா? புள்ள அழுவுமில்ல. பால் குடுத்து அமத்திட்டுப் போங்க” என்றாள். மிஸ்தான் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேரும் அரிசியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தோம். ஒரு பிள்ளை பால் குடிக்க எவ்வளவு நேரமாகும் என்று என் வாழ்க்கையில் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் ஏற்றம். பெரட்டுக்களம் மேல் லயத்துக்கும் மேலே இருந்தது. இறங்கும் வழிக்கு மட்டும் நேரம் பார்த்தவன் நான். வரைபடத்தில் மலை தட்டையாகத்தான் கிடந்தது. உதைபந்தாட்டத்தில் பேர் போன கால்கள் பாதியிலேயே நடுங்கின. ஏறிச் சேர்ந்தபோது கண்டாக்கையா பேர்ப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டிருந்தார். களத்தில் ஒருவருமில்லை. செல்லாயி தேயிலைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “இன்னிக்கு ஒங்க யாருக்கும் பேரு இல்லீங்க. லயத்துக்குப் போங்க” என்றாள். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளமும் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கடைசியாக ஏறி வந்த மிஸ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமையானதல்ல. அறிக்கையை மாற்றுவதா என்று குழு கூடிப் பேசியது. துரை கோபித்தால் பின்னால் வரும் மாணவர்களுக்கு வழி அடைபடும் என்று வாதாடி, பழைய அறிக்கையையே கொடுக்கலாம் என்றேன். உள்ளே இருந்த காரணம் என் நான்கு நிற வரைபடம். “நாம ஒரு நாள் பிந்தினதுக்குச் சிரிச்சாங்க. அவங்க தெனம் பிந்தினா யார் சிரிப்பா?” என்று ஜெமீல் கேட்டான். நான்கு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மிஸ் குறுக்கே பேசவேயில்லை. முடிவானதும் என்னைப் பார்த்து, “துரைக்கு நீர்தான் சொல்ல வேணும். நம்பாதவன் சொன்னால்தான் ஓட்டையள் தெரியும்” என்றார்.

சனிக்கிழமை பங்களாவில் துரையின் மேசைமேல் அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் பேசினேன். மேல் கொட்டகையைத் திருத்தித் திறந்து வைக்க வேண்டும் என்று, அதற்கு நான் வரைந்த படத்தையும் நீட்டினேன். அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கி வைத்தார், யோசிப்பதாகச் சொன்னார். கேட் வரை வரும்போது மிஸ், “பிழைச்சது வெக்கமில்லை. பிழைச்சதை வடிவா எழுதிக் குடுக்கிறதுதான் வெக்கம்” என்றார். புள்ளி போட மறுத்துவிட்டார். அதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம்.

அடுத்த வருஷமும் மாணவர்களை அனுப்பச் சொல்லித் துரையின் கடிதம் வந்தது. நாங்களும் கூடப் போனோம். பஸ் கடைசி வளைவில் திரும்பியதும் மேல் டிவிசனில் புதுத் தகரம் வெயிலில் மின்னியது. பஸ்ஸுக்குள் நான் போட்ட கூச்சலுக்கு நடத்துநர் என்னை இறக்கிவிடப் பார்த்தார். மாலையில் மிஸ் செல்லாயியைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, எங்களுக்கு எத்தனை புள்ளி போடலாம் என்று கேட்டார்.

“புள்ளியெல்லாம் எனக்கு எங்கங்க தெரியும்” என்றாள் செல்லாயி. “கூர நல்லா இருக்கு. ஆனா கதவக் காத்தடிக்கிற பக்கமா வச்சிட்டாங்க. மழ வந்தா சாரல் பூரா தொட்டிலுக்குள்ள. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ங்க.” கொஞ்சம் யோசித்தாள். “அரப்பேரு போடுங்க.”

அரைப்பேர் என்றால் தோட்டத்தில் பாதி நாள் வேலைக்குப் பதியும் பேர். கதவை அந்தப் பக்கம் வரைந்தவன் நான். மிஸ் சிவப்பு மையால் அறிக்கையின் தலைப்பில் ‘அரைப்பேர்’ என்றே எழுதினார். பல்கலைக்கழகம் அதை எப்படி எண்ணாக மாற்றியதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கதவை மாற்றும் படத்தை அங்கேயே, செல்லாயி கைகாட்டக் கைகாட்ட வரைந்தோம்.

அந்தத் தண்ணீர்க் குழாய்த் திட்டத்தில் நான் செவ்வாய்க்கிழமை கையெழுத்திடவில்லை. மறுநாள் விடிய பூண்டுலோயாவுக்குப் போய், நிறைந்த வாளியோடு அந்த லயத்துப் படிகளில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றேன். பின்னால் குடத்தோடு வந்த ஒரு பெண், “யாருங்க நீங்க, இங்க என்னா செய்றீங்க?” என்று கேட்டார். குழாயை எங்கே போட்டால் நல்லது என்று கேட்க வந்ததாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்தார்.

“அப்ப கொஞ்சம் ஒக்காருங்க” என்றார்.

மிஸ், நீங்கள் போட்ட அரைப்பேர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மற்ற அரைப்பேருக்காக அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.