மேற்கு ஜன்னலும் ஒரு பட்டப்படிப்பும்

ஏணியின் மேல்படியில் நின்று ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள் டேப்பு அக்கா. வாயில் குண்டூசி, காதில் பென்சில். மற்ற நேரங்களில் டேப்பு கழுத்திலேயே கிடக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். ஒரு திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் மேற்கு ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும், கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டாள். காரணம் இருந்தது.

அவள் மகளுக்கு, வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பக் கட்டடம் வரையச் சொல்லித்தரும் சுற்றுச்சூழல் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று பேர்போன தனியார் கல்லூரி. மற்றது பஸ்ஸில் நெடுந்தூரம் போகவேண்டிய அரசுக் கல்லூரி. மகளுக்குத் தனியார் கல்லூரிமேல்தான் கண். அங்கே சேர்த்தால், மெஷின் மிதித்துச் சேர்த்ததெல்லாம் துடைத்து வைத்ததுபோல் போய்விடும். மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். வேன் ஓட்டும் கணவரோ, "எனக்கு என்ன தெரியும், நீயே பாத்துக்கோ" என்று கையைக் கழுவிவிட்டார். அக்கா ஒரு கைக்குட்டைத் துணியைக்கூடக் கசக்கிப் பார்க்காமல் வாங்காதவள். அந்தப் படிப்பைப் படித்தவர் யாரையாவது நேரில் விசாரிக்காமல் பணத்தை எடுப்பதில்லை என்று இருந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த அலுவலகத்தில் வரையும் ஓர் இளம்பெண்.

"ஏம்மா, நீ என்ன படிச்சிருக்கே?"

"என்விரான்மென்டல் டிசைன், அக்கா."

அக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "என் பொண்ணும் அதுதான் படிக்கணும்கிறா. சோறு போடுமா அது?"

"போடும். முதல்ல கொஞ்ச வருஷம் அரை வயித்துக்கு."

"சம்பளம் கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

பெண் கோபிக்காமல் சொன்னாள். நல்ல மாதத்தில் அக்கா தைத்துச் சம்பாதிப்பதைவிடக் கொஞ்சம் குறைவு.

"இதுக்கா நாலு வருஷம்?"

"இதோட முடியாது அக்கா. மேல ரெண்டு வருஷம் படிச்சு லைசென்ஸ் வாங்கினாத்தான் வரைபடத்துல நம்ம கையெழுத்து. இல்லேன்னா கடைசிவரைக்கும் அடுத்தவங்களுக்கு வரைஞ்சு குடுக்க வேண்டியதுதான்."

அக்காவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் தைக்கும் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் கடையின் பெயர்த்துணியை அவளே வைத்துத் தைக்கிறாள்.

"இந்த ஜன்னலையே பாருங்க. வெளியில வெயில் தடுப்பு வரைஞ்சேன். கையெழுத்து போடுறவர், முகப்பு அழகு கெடும்னு அடிச்சுட்டார். இப்ப சாயந்திரமானா வெயில் அவர் மண்டையிலதான் அடிக்குது."

"அடிப்பாவி! உன் பேச்சை அவர் கேட்டிருந்தா என் பிழைப்புல மண்ணு விழுந்திருக்குமே."

பெண் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "ஏணிய ஒழுங்காப் புடி" என்று அதட்டிவிட்டு, எந்தக் கல்லூரி தேவலை என்று கேட்டாள் அக்கா.

"பக்கத்து மேஜைக்காரர் அரசுக் கல்லூரி, நான் காசைக் கொட்டிப் படிச்ச தனியார் கல்லூரி. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அவர் மேல்படிப்புக்குக் கிளம்பிட்டார். நான் கடன் கட்டிட்டிருக்கேன்."

"படிச்சதுக்கு வருத்தமா?"

"சேச்சே, வேலை பிடிச்சிருக்கு. விசாரிக்காம கட்டினதுக்குத்தான் வருத்தம்."

அக்கா அவளிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் மகள் தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். "அங்க வகுப்பெல்லாம் ஏசிம்மா!"

"ஏசி இல்லாம குளுகுளுன்னு கட்டத்தானேடி படிக்கப் போறே?"

"உனக்கு எதையும் வெட்டியாகணும். கையில கத்திரி இல்லாட்டி வாயி."

அக்கா கையெழுத்து விஷயத்தைச் சொன்னாள். மகளின் முகம் மாறியது; அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "யாரு சொன்னா?"

"ஏணி புடிச்சவ."

"ஏணி புடிக்கிறவங்க சொல்றதையெல்லாம் நம்பிட்டு வந்துடு!"

"நம்பாதே. இந்தா நம்பர், நீயே கேளு."

மகள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டாள். அக்கா திரையின் ஓரத்தை மடித்துத் தைத்து, கடையின் பெயர்த்துணியையும் வைத்து முடித்தாள்.

மறுநாள் காலை மகள் சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "பஸ்ஸுக்குச் சில்லறை குடு."

"எந்த பஸ்ஸு?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதேம்மா. தூரமாப் போற பஸ்ஸுதான். ஃபீஸ் போக மிச்சப் பணம் என் மேல்படிப்புக்கு. அதுல கைய வெச்சே, பாத்துக்கோ!"

"நான் சேத்த பணத்துல நான் கைய வெக்கக் கூடாதாடி?"

"கூடாது."

"நானும் கூட வரட்டுமா?"

"வேணாம். வந்தா அங்கயும் ஜன்னலை அளந்துட்டு நிப்பே."

அக்கா சில்லறையை எண்ணாமல் கொடுத்தாள். பிறகு திரையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் மிச்சப் பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, மேற்கு ஜன்னலில் திரை மாட்டப் போனாள்.