வரம்பைத் தாண்டிய வளைவும் பனமரத்துப்பட்டி ஏரியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனேன். சுற்றிப் பார்க்கத்தான் என்று சொன்னால் பொய். ஒருவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செந்திலும் நானும் கணித ஆராய்ச்சியில் கூட்டாளிகள். ஒரு சமன்பாடு தருகிற வளைவின் மேல் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு. புள்ளிகள் கூடினால், செய்தி அனுப்ப அவற்றை வைத்துச் செய்கிற குறியீடு நீளும். செய்தி போகிற வழியில் சிதைந்தாலும் குறியீடு அதைச் சரிசெய்துவிடும்; நீளம் கூடக்கூட நல்லது. ஒரு வகை வளைவுக்கு இத்தனை புள்ளிக்கு மேல் கிடையவே கிடையாது என்று செந்தில் நிரூபித்திருந்தார். மூன்று வருட உழைப்பு. அவருடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. முந்தின நாள் என் கையில் ஒரு வளைவு சிக்கியது. செந்தில் சொன்ன வரம்பைவிட இரண்டு புள்ளி அதிகம்! அப்படியானால் அவர் நிரூபணம் தப்பு.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், முக்கால் மணி நேரம் பிடித்தது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம். தூக்கமில்லாத கண்ணுக்குத் தென்னந்தோப்புகளும் கல்யாண மண்டபங்களும் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல் தெரிந்தன.

“ஏரிக்குங்களா? கரைகிட்டவே எறங்கிக்குங்க சாமி, பராக்குப் பாத்துட்டு ஊருக்குள்ள போயிராதீங்க” என்றார் கண்டக்டர். நான் பராக்குப் பார்த்து ஊருக்குள் போய், வெயிலில் திரும்பி நடந்தேன்.

ஏரியில் தண்ணீர் பாதிதான். மலைகள் வெள்ளை வெயிலில் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் நின்றன. தன் ஊரான புதுச்சத்திரத்திலிருந்து பைக்கில் வந்திருந்தார் செந்தில்.

“ஏனுங்க, மொகமே செரியில்லையே?”

வளைவை எழுதியிருந்த தாளை நீட்டினேன். கரையில் குந்தி, ஒவ்வொரு புள்ளியாகச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாங்க, ரெண்டு கூடத்தான் இருக்குது. அப்ப மூணு வருசமும் போச்சுங்களா?”

அவர் மறுபடி தாளை எடுத்தார். மறுபடி எண்ணினார்.

“ஒரு நிமிசமுங்க. இப்படி ஒண்ணு இருக்கவே முடியாதுன்னுதானுங்க நான் எழுதுனேன். இருக்குதுன்னா, இதுல செய்யற குறியீடு நாம நெனச்சதவிட நீளமாச்சே! இது நல்லதுதானுங்களே?”

அட, ஆமாம்! இழவு சொல்ல வந்தவளுக்கு இழவு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அதன் பிறகு அந்தக் குறியீட்டைக் கணக்குப் போட்டபடி எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம் என்று கேட்காதீர்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நிழல் குறைவு, கரையில் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியோடு போகிறவர்கள் சொன்ன கையோடு கிளம்பிவிடாதீர்கள்.

பட்டம் இந்த வருடம் கிடையாது, எல்லாம் புதிதாக எழுத வேண்டும். அதை வீட்டில் சொல்லத் துணைக்கு வரச் சொன்னார் செந்தில். ஏரியிலிருந்தே பைக்கில் போனோம். அவர் அம்மா என்னிடம்தான் கேட்டார்: “அப்ப இவன் பண்ணுனது தப்புங்களா?”

செந்தில் முந்திக்கொண்டார்.

“ஆமாம்மா, பெரிய தப்பும்மா!” என்றார், வேலை கிடைத்த பையன் மாதிரி சிரித்துக்கொண்டே.