அரிப்புக் கோட்டைக்குள் இருந்தவர்கள்

நனைந்த சுண்ணாம்பின் மணமும் வௌவால் எச்சத்தின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறின. மகளின் வகுப்புப் பிள்ளைகளோடு மன்னார்க் கடலோரத்து அரிப்புக் கோட்டையின் இடிந்த சுவர்களுக்குள் நின்றிருந்தேன். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு முத்துக்குளிப்பை மேற்பார்வையிட வந்த ஆங்கிலேயர் தங்கினார்கள் என்று ரீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிறுவயதில் இந்த நெடிக்குள்தான் நாங்கள் ஒளிந்திருந்தோம். போர்க்காலத்தில் ஊருக்குள் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும் அப்பா எங்களை இங்கே கூட்டிவந்தார். சுவரில் கையை வைத்து, "பீரங்கிக்குக் கட்டின சுவர் இது. பயப்பிடாதேங்கோ" என்றார்.

அம்மாவின் மடியில் தம்பி யூட் காய்ச்சலோடு கிடந்தான். ஒவ்வொரு ஷெல் விழும்போதும் சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவன் இமைகளில் உதிர்ந்தது. அம்மா சேலைத் தலைப்பால் துடைத்தபடியே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

"இப்ப வெளிய போனா எல்லாரும் சாவம். கொஞ்சம் ஓயட்டும்."

ஷெல்லடி ஓய்ந்தபோது தம்பிக்கு மூச்சில்லை. மற்ற எங்கள் மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா அந்தச் சுவரிலேயே தலையை மோதி மோதி அழுதார். அவனைக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு, வள்ளமேறி இந்தியாவுக்குப் போனோம்; போர் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினோம்.

"வெள்ளைக்காரர் போனதுக்குப் பிறகு இதுக்குள்ள ஒருத்தரும் இருக்கேல்ல," என்று ரீச்சர் முடித்தார்.

"நாங்கள் இருந்தனாங்கள், ரீச்சர்," என்றேன்.

மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். தனக்கு ஒரு மாமா இருந்தான் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.