பால் என்று நினைத்த கட்டி

இந்த ஊர் டாக்டர்கள் கைகுலுக்கிவிட்டுத்தான் கெட்ட செய்தி சொல்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் வருடம், ஐந்து மாத வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். நம் ஊராக இருந்தால் என்னை வெளியே அனுப்பிவிட்டு என் வீட்டுக்காரரிடம் குசுகுசுத்திருப்பார்கள். இந்த டாக்டரம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கண்ணைப் பார்த்து, மார்பில் புற்றுநோய் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அந்த டாக்டர் மேல் அல்ல.

மூன்றாம் மாதமே இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டது. தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். கார்டு வாங்கிப் பேசிய காலம், பாதிப் பேச்சில் லைன் போய்விடும். "தலைச்சன் பிள்ளைக்கு அப்படித்தான்டி பால் கட்டும். வெந்நீர் ஒத்தடம் குடு, கரைஞ்சிடும்" என்றாள் அம்மா. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். என்ஜினீயரிங் படித்த நானும் இரண்டு மாதம் ஒத்தடம் கொடுத்தேன். படித்த லட்சணம்!

இடது மார்பை எடுத்தார்கள். பிறகு, பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே கீமோ. இந்த மாதங்களில் கொடுக்கலாம், குழந்தைக்கு ஆபத்து குறைவு என்றார்கள். குறைவு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? மருந்து இறங்கும்போதெல்லாம் வயிற்றில் கையை வைத்து ஓர் உதைக்காகக் காத்திருப்பேன். உதைத்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

மகள் பிறந்தாள், முழுசாக. கீமோ இன்னும் மீதி இருந்ததால் தாய்ப்பால் கூடாது. வலது பக்கம் ஊறுவதை நிறுத்த வேண்டும். அம்மா வந்திறங்கினாள். பால் வற்றக் கட்டுவதற்காக எவர்சில்வர் டப்பாவில், வாழையிலை சுற்றிய மல்லிகைச் சரம். வழியிலேயே பழுப்பேறிவிட்டிருந்தது. அதையே வைத்துக் கட்டினாள். வீட்டுக்கு வந்த மருத்துவச்சி முட்டைக்கோஸ் இலை கொண்டுவந்தார். பால் வற்ற இங்கே அதுதான் வழக்கம். பூவைப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்த கொண்டாட்டமா, அழகாக இருக்கிறது என்றார். ஒன்றும் புரியாமல் அம்மா சிரித்து வைத்தாள்.

அவர் போனதும் துணியை அவிழ்த்த அம்மாவின் கை இடது பக்கத் தழும்பருகே நின்றுவிட்டது.

"நான்தானே பால்னு சொன்னேன்."

நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நானும்தாம்மா நம்புனேன். இறுக்கிக் கட்டு."

பூவுக்கு மேலே முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டினாள். வலது பக்கம் படுக்க வைத்தால் குழந்தை வாசனை பிடித்து வாயைத் திறந்தாள், கிடைக்காமல் வீறிட்டாள். இடது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடி மருந்து. நான் பிழைப்பேனா என்று யாரும் கைகுலுக்கிச் சொல்லவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு பக்கத்தை இறுக்கிக்கொண்டிருக்க, ஒன்றுமில்லாத பக்கத்தில், தழும்பின் மேல் கன்னத்தை வைத்து அவள் தூங்கினாள்.