பொட்டு வைத்த விளக்கு

விற்பனைப் படத்தில் பொருளைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது என்பது அந்த இணையக் கடையின் விதி. நாமகிரிப்பேட்டையில் என் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்மணி விற்பனைக்கு அனுப்பிய படத்தில், பித்தளைக் குத்துவிளக்கின் பளபளப்பில் அவர் முகம், ஜன்னல், கொடியில் காய்ந்த துணி எல்லாமே தெரிந்தன. படம் திரும்பி வந்தது. இன்னொன்றும் திரும்பினால் அவரை விற்கவே விடமாட்டார்கள்.

புளி தேய்த்துக் கறுத்த விரல்களோடு என்னிடம் வந்தார். விளக்கைச் சுற்றி என் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதிலிருந்த கிழிசல் வழியே போனை நீட்டினோம். வேட்டி வடிகட்டிய வெளிச்சத்தில் விளக்கு மாசில்லாமல் நின்றது. "இருங்க சாமி" என்று உள்ளே கைவிட்டுக் குங்குமம் வைத்தார். பானை, தராசு, கேஸ் அடுப்பு எதையும் அவர் பொட்டில்லாமல் விட்டுவைத்ததில்லை.

"கறைன்னு திருப்பிருவாங்கம்மா."

"வெளக்க மூளியாக் காட்டுனா ஆருங்க வாங்குவாங்க? அவிய ஊட்டுல வெளக்கே இல்லீங்களா?"

'கறையன்று, பொட்டு' என்று ஒரு விளக்கக் குறிப்பு இணைத்துப் படத்தை அனுப்பினேன். மூன்று நாளில் பதில் தருவதும் விதிதான். ஆனி முழுவதும் பதிலில்லை. பிழைப்பையே பணயம் வைத்தவர் நிம்மதியாக மற்ற விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நிம்மதி எனக்கு இன்றும் விளங்கவில்லை.

'படம் ஏற்கப்பட்டது, படத்தில் உள்ள குங்குமத்தையும் பொருளோடு அனுப்பவும்' என்ற பதில் ஆடிப் பதினெட்டன்று வந்தது.